அத்தைக்குத் தெரியாத கேள்வி

சின்ன வயதில் என் வாய் சும்மா இருக்காது. பால் ஏன் பொங்குகிறது, தண்ணீர் ஏன் பொங்குவதில்லை? குற்றாலத்துக் குரங்குக்கு முகம் ஏன் சிவப்பு? ஆனி மாதத்தில் வெயிலும் அடிக்கிறது, சாரலும் விழுகிறதே, அது எப்படி? அப்பாவிடம் கேட்டால் அம்மாவைக் கேள் என்பார். அம்மாவிடம் கேட்டால் தலையில் ஒரு குட்டு விழும். குட்டுக்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் இன்னொன்று விழும்.

பதில் சொன்னவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயது, தென்காசியில் எங்களோடுதான் இருந்தாள். கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமலே சொல்வாள். "பாலுக்கு மேல ஆடை படியுதுல்லா, அதுக்குள்ள ஆவி மாட்டிக்கிடுது. வெளிய வரணும்னு ஆடையையும் தூக்கிக்கிட்டு வருது. தண்ணிக்கு மூடி கிடையாது, அது பாட்டுக்குப் போயிருது." சாரலைக் கேட்டதற்கு, "மழை மலை மேலதான் பெய்யுது. காத்து அதுல ஒரு கை அள்ளி நமக்குத் தெளிக்குது. வெயிலுக்கு அது தெரியாதுட்டி" என்றாள். குரங்கின் முகம் மட்டும் களவாண்ட வெட்கத்தில் சிவந்ததாம். போன வாரம்தான் அருவிக்கரையில் அம்மாவின் பழச்சீப்பை ஒரு குரங்கு கொண்டுபோயிருந்ததால் அதையும் நம்பினேன். பின்னாளில் பள்ளிக்கூடத்தில் பாலைப் பற்றிப் படித்தபோது புத்தகம் அத்தையைவிடக் கூடுதலாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

அந்த ஆனியில் அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வீரகேரளம்புதூரில் வயலும் தோப்பும் உள்ள மனிதர். மனைவி இறந்து இரண்டு வருஷம். மூத்த பையனுக்கு மீசை அரும்பியிருந்தது. இரண்டாம் தாரம் என்றால் என்ன என்று கேட்டு அதற்கும் ஒரு குட்டு வாங்கினேன். இலத்தூரிலிருந்து பெரியப்பா வந்து, நல்ல இடம், விடக்கூடாது என்றார். அப்பா சரி என்றார். அத்தை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பித்தம் என்று அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அத்தனை கேள்வி புழங்கிய வீட்டில், உனக்குச் சம்மதமா என்ற ஒன்றை மட்டும் அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உறுதி செய்துவிட்டு வர ஒரு திங்கட்கிழமை காலையில் நாள் பார்த்தார்கள். மறுநாள் அஷ்டமி, அதற்கு மறுநாள் நவமி, அப்புறம் ஆடி பிறந்துவிடும். ஆடியில் கல்யாணப் பேச்சே கிடையாது. ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் வண்டி ஏற வேண்டும். பெரியப்பா சகுனத்துக்குப் பயந்தவர். முதல் நாளே வந்து தங்கி, வீட்டுப் பூனையைப் பிடித்து விறகுப்புரையில் அடைத்துவைத்தார். என்னை அடைக்க மறந்துவிட்டார்.

புறப்படுகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது எனக்கும் தெரியும். முன்பே ஒருமுறை கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டவள்தான். அதனால் அடுக்களைக்குப் போய் அத்தையிடம் கேட்டேன்.

"அத்த, அப்பாவும் பெரியப்பாவும் எங்க போறாவ?"

கொண்டுபோகிற தாம்பாளத்துக்கு வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக் கொடுத்தவளே அவள்தான். இப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்தது. அவள் இறக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுட்டி," என்றாள். "பெரியப்பாகிட்டயே போய்க் கேளு."

"பொறப்படும்போது கேக்கக்கூடாதுல்லா?"

"வாசப்படியத் தாண்டினாத்தான் பொறப்பாடு. இன்னும் தாண்டியிருக்க மாட்டாவ. ஓடு."

வழக்கம்போல எளிதாகப் புரிகிற விளக்கம். ஓடினேன். பெரியப்பாவின் வலது கால் படிக்கு வெளியே இருந்தது, இடது கால் உள்ளே. பாதிதானே தாண்டியிருக்கிறார் என்று எண்ணி, "பெரியப்பா, எங்க போறிய?" என்று உரக்கக் கேட்டேன்.

பெரியப்பா வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். செம்பு காலியாவதற்குள் கடிகாரத்தில் ஏழரை ஆகிவிட்டது.

"பிள்ளை வாயில வந்துட்டு. இனி இது வேண்டாம்லே," என்றார் பெரியப்பா. அண்ணன் பேச்சை அப்பா தட்டியதில்லை. வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஆடி முடிகிறவரை வீரகேரளம்புதூர்க்காரர் காத்திருக்கவில்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டார். அத்தைக்கு அடுத்த தையில் செங்கோட்டையில், ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பையனோடு கல்யாணம் நடந்தது. நன்றாகவே இருந்தாள்.

அன்றைக்கு அம்மா விசிறிக்காம்பால் என் கெண்டைக்காலில் நாலு வைத்தாள். அத்தை கேட்கச் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் காலில் தேங்காய் எண்ணெய் தடவினாள். "வலிக்குதாட்டி?" என்றாள். எனக்குப் பதில் சொல்லியே பழகியவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. இல்லை என்றேன். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அடி வாங்கியவள் நான், அழுகிறவள் இவள். எனக்கு ஒரு காரணம்தான் தோன்றியது: எல்லாம் தெரிந்தவளுக்கு இன்று ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் போய்விட்டது, அந்த அவமானம்தான். எனக்கு அவள்மேல் மிகவும் இரக்கமாக இருந்தது.

"அழாத அத்த. அடுத்த தடவ அவுக பொறப்படும்போது நான் திரும்பக் கேட்டுச் சொல்லுதேன்."

அத்தை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முன்னைவிட அதிகமாக அழுதாள். ஏன் என்று கேட்டேன். அதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்துத் தடவினாள்.