யார் தின்ற தயிர்

தயிர் சாப்பிட்டால் மனச்சோர்வு குறையும் என்று யாராவது சொன்னால் எனக்குத் தலையாட்டவும் தெரிவதில்லை, மறுக்கவும் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் தயிர் வேலை செய்தது உண்மை. யாருக்கு, எப்படி என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு, எழுபதுகளில் என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். ஒரு சீசனில் திடீரென்று போகமாட்டேன் என்றார். காய்ச்சல் இல்லை, யாரோடும் சண்டை இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல." அந்த ஒண்ணுமில்லையைக் கேட்டுக் கேட்டு எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்து அரிவாள்மனையைக்கூட ஒளித்து வைத்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதவில்லை. வயிறு சரியானால் மனசும் கொஞ்சம் சரியாகும், இரண்டு வேளையும் தயிர் கொடும்மா என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் மீன் இல்லாத சோறு சோறே இல்லை. மீன் தின்ற வயிற்றில் தயிர் விழுந்தால் தோலில் வெள்ளை விழும் என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"ஏளா, தயிருன்னா தயிரு, மீனுன்னா மீனு. ரெண்டையும் ஒரே வயித்துல போட்டு எம்புள்ளையக் கெடுத்துராத."

மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். காலையில் அவர் பக்கத்தில் தயிரை வைத்துவிட்டு இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போவேன். சாயங்காலம் வந்தால் கோப்பை காலியாக இருக்கும். கொஞ்ச நாளில் அவர் முகம் தெளிந்தது. வெளுத்த சட்டை கேட்டார். நான் கேட்காமலே பேசினார். டாக்டருக்கு இருந்த இடத்திலிருந்தே கும்பிடு போட்டேன். தெருவெல்லாம் தயிர்ப் புராணம் பாடினேன்.

ஒருநாள் கம்பெனிக்கு இறால் வரவில்லை. மத்தியானமே கரை வழியாகத் திரும்பினேன். ஒரு வள்ளத்தின் நிழலில் என் வீட்டுக்காரர், கூட்டாளிகளோடு உட்கார்ந்து சுட்ட சாளை மீனை முள் வாங்கித் தின்றுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டு வேறு! அவர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று. கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு ஓடினேன். குசினியில் அடுப்போரம் மாமி தயிர்க் கோப்பையை வழித்துக்கொண்டிருந்தார்.

"அவன் தொடமாட்டேங்கான்ளா. வீணாப் போவுதேன்னு நாந்தான்..."

"அவரு எங்கன போறாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"வீட்டுல மீனு இல்லன்னா வெளிய போவத்தான செய்வான்?"

அப்போதுதான் மாமியைச் சரியாகப் பார்த்தேன். மாமா இறந்ததிலிருந்து எல்லாரையும் கடித்துக் குதறிக்கொண்டிருந்த மனுஷி, கொஞ்ச நாளாகக் கோயிலுக்குப் பூக்கட்டப் போகிறார், தெருப் பெண்களோடு கதையளக்கிறார். தயிர் தின்றவர் தெளிந்துவிட்டார். தின்னாதவரும் தெளிந்துவிட்டார். மீன் இல்லாததால் அவர் எழுந்து போனாரா, எழுந்திருக்கத் தெம்பு வந்ததால் மீனைத் தேடிப் போனாரா? தலை சுற்றியது. மறுநாளும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி தயிர் வாங்கினேன்.

அவர் கடலுக்குத் திரும்பினார், மீன்சட்டியும் அடுப்பேறியது. மறு வருஷம் மறுபடி சுவர், மறுபடி ஒண்ணுமில்ல. இந்தத் தடவை எனக்குத்தான் வித்தை தெரியுமே! யாரும் சொல்லாமலே மீனை நிறுத்தினேன். தயிரை வைத்தது அவர் சாப்பிடுவதற்காக அல்ல. வெறுத்துப்போய் எழுந்து கரைக்குப் போகட்டும் என்றுதான். மாமியும் நானும் குசினிக் கதவோரம் நின்று பார்த்தோம்.

அவர் கோப்பையை எடுத்தார். சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே, நிதானமாக, விரலால் வழித்து, ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டார். மாமி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டு, வாயில் வந்ததைக் கேட்டேன்.

"தயிரு நல்லா இருந்துச்சா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"எந்தத் தயிரு?" என்றார்.