அவர் சொன்ன சாக்கு

திருநெல்வேலியிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு வந்து மூன்று மாதம்தான். எங்கள் லைனில் ஆறு பேரை நேபாளத்துக்கு டூர் அனுப்பினார்கள். சைக்கிள், கோயில், மலையேற்றம் என்று சுற்றினோம்.

மலையில் ஒருநாள் என் பாட்டிலில் மட்டும்தான் தண்ணீர் மிச்சம். கூட வந்த கெலமங்கலம் முனிராஜ் அண்ணன் அதை வாங்கி நாக்கை நனைத்துக்கொண்டார். "இன்னும் குடிங்கண்ணே" என்றேன்.

"சாக்கு" என்று திருப்பித் தந்தார்.

என் பாட்டிலில் குடிக்கப் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறாராக்கும் என்று எனக்குச் சுருக்கென்றது. ஊர் திரும்பும்வரை அவரிடம் பேசவே இல்லை.

திரும்பிய மறுநாள், கேன்டீனில் சோறு போட வந்தவரிடம் அண்ணன் தட்டின் மேல் கையை நீட்டி, "சாக்கு, சாக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"கன்னடத்துல போதும்னு அர்த்தம்."

அன்று மலையில் அண்ணனின் உதடு வெடித்திருந்தது நினைவுக்கு வந்தது. தட்டோடு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். எனக்குத் தலை நிமிரவில்லை.

"தண்ணி வேணுமாப்பா?" என்று தன் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.