நான்கு கிலோ பேட்டரியும் மாயாபந்தர் பயணமும்

பிள்ளைகளே, பெரியப்பாவுக்கு நான் ஏன் கொள்ளி வைக்கவில்லை என்று கேட்டீர்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி என் கையால்தான். ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை, மதியம் மூன்று மணிக்குமேல் உடம்பு தாங்காது என்று மாயாபந்தரிலிருந்து சொன்னார்கள். நம் பத்துபஸ்தி வீட்டிலிருந்து இருநூற்று நாற்பது கிலோமீட்டர். ஜங்லிகாட் செல்வத்தின் காரை ஒன்பதாயிரத்துக்குப் பேசிக் கிளம்பினேன்.

காலை ஆறு மணி. ஜிர்காடாங் சாவடியில் வண்டிகளை வரிசையாக விட்டார்கள். ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் எங்கும் நிறுத்தக் கூடாது. என் மனதை வேறு பக்கம் திருப்ப செல்வம் எதையாவது பேசிக்கொண்டே வந்தான்.

"பழைய பேட்டரி பதினாலு கிலோ அண்ணே. இது லித்தியம், நாலு கிலோதான். நேத்து கரண்ட் போச்சு. பாப்பாவுக்கு வீசிங். இதைக் கழட்டிட்டுப் போய்த்தான் ராத்திரி பூரா மூச்சு மெஷின் ஓட்டினோம்."

எட்டு மணி. மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறையில் காரைப் படகில் ஏற்றி எஞ்சினை அணைத்தோம். பாராடாங் கரை வந்ததும் செல்வம் சாவியைத் திருப்பினான். ஒரு முனகல்கூட இல்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். படகுக்காரர்கள் தள்ளிக் கரையேற்றினார்கள். பானெட்டைத் திறந்ததும் ஒருவர், இது பேட்டரியா சாப்பாட்டு டப்பாவா என்று கேட்டுச் சிரித்தார்.

"அரே பாய், யே பேட்டரி ஹை யா டிபன் டப்பா?"

செல்வம் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை தள்ளுங்க அண்ணே."

தள்ளினோம், தள்ளினோம். பேட்டரியில் உயிர் கொஞ்சமாவது இருந்தால்தான் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியும். மாயாபந்தர் பஸ் நிரம்பி வழிந்து முன்னாலேயே போய்விட்டது. மற்ற வண்டிகள் சுற்றுலாக்காரர்களுடையவை; அங்கேயே நின்றுவிட்டன. அவற்றிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்ய யாரிடமும் ஒயர் இல்லை. போனில் டவர் இல்லை.

பத்தரை மணிக்கு, நம்பிக்கையில்லாமல் திருப்பிய சாவிக்குக் கார் சட்டென்று உயிர் பெற்றது. ராத்திரி ஏறக்குறைய காலியான பேட்டரி, எஞ்சினிலிருந்து ஒரே மூச்சில் சார்ஜ் இழுத்துச் சூடாகித் தன்னைத்தானே அடைத்துக்கொண்டதாம், ஆறியதும் திறந்துகொண்டதாம். மெக்கானிக் பிறகு சொன்னார். எஞ்சின் ஓடுகிறவரை அது வெளியே தெரியாதாம்.

ரங்கத்தைத் தாண்டியதும் மழை. நான்கு மணிக்குச் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணனின் பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர் கொள்ளி வைத்து முடித்திருந்தார். "ஆப் கா பஹுத் இந்தஜார் கியா, தாதா," என்றார். வெகு நேரம் காத்திருந்தார்களாம்.

செல்வம் என் காலைத் தொட வந்தான். தடுத்தேன். "பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு போன் போட்டுக் கேளுடா." அவன்மேல் நீங்களும் கோபப்படக் கூடாது.

எல்லோரும் குளிக்கப் போனார்கள். நான் மட்டும் சுடுகாட்டுக்குத் திரும்பினேன். ஓரத்தில் ஒரு கட்டை மழையில் நனைந்து, எரியாமல் கிடந்தது. அதைத் தணலுக்குள் தள்ளி, பற்றிக்கொள்ளும்வரை குனிந்து ஊதினேன்.