உச்சிக்கு முன் நின்ற இறக்கை

அந்தக் காற்றாடியை முதலில் பார்த்தபோது, யாரோ தங்கள் பிள்ளைக்கு விளையாடச் செய்து வயலில் மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டாள் உயரம், நாலு மர இறக்கைகள், கீழே திருகாணிபோல ஒரு மரச்சுருள். காற்றடித்தால் அந்தச் சுருள் சுற்றி, புல்வெளியில் தேங்கிய தண்ணீரை மேலே இருக்கும் வாய்க்காலுக்கு ஏற்றிவிடும். வட ஜெர்மனியின் அந்தச் சதுப்பு நிலத்தில் பாதி வருடம் மழை. மீதி வருடம், மழை வரப்போகிறது என்ற பேச்சு.

அகதி விடுதியில் எனக்கு அடுத்த அறையில் இருந்த புருசன் பெண்சாதிதான் அண்ணையும் அக்காவும். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் அல்ல, சண்டை பிடிக்கும் உரிமை மட்டும் அப்படி. அண்ணைக்குப் பக்கத்துப் பண்ணையில் மாடு பார்க்கும் வேலையும், இருக்க வயலோரம் ஒரு சின்ன வீடும் கிடைத்தன. காற்றாடியும் அவர் பொறுப்பில் வந்தது. ஊரில் கிணற்றுத் துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த மனிதர்.

"அங்கை தண்ணிக்காக முதுகு முறிஞ்சுது. இஞ்சை தண்ணியைக் கலைக்கச் சம்பளம் தாறாங்கள்" என்பார்.

"அப்ப ஒரு குழாயைப் போட்டு எங்கடை வெங்காயத்துக்கு விடுங்கோவன் அண்ணை" என்பேன்.

பண்ணைக்காரர் அவருக்கு ஒரு வழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார். வீட்டில் பிள்ளை பிறந்தால், கலியாணம் நடந்தால், ஓர் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்திச் சங்கிலியால் கட்டவேண்டும். அது வருகிற இறக்கை. சாவு என்றால், உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் கட்டவேண்டும். அது போகிற இறக்கை. தூரத்து வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான், கேக்கோடு வருவதா கறுப்புச் சட்டையோடு வருவதா என்று முடிவெடுப்பார்களாம். அண்ணை எந்த நாளும் வேலை முடிந்து நிறுத்தும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், வருகிற பக்கமே கட்டினார். காரணம் இருந்தது. ஊரில் நின்றுவிட்ட அவர்களுடைய ஒரே மகன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போயிருந்தான். உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் முடிக்கலாம் என்று அக்கா கெஞ்சினார். பிள்ளை அலையக்கூடாது என்பது அவருடைய பயம். "கண்ணாலை கண்ட ஆக்கள் ஆரும் இருந்தா வந்து சொல்லட்டும், செய்யிறன்" என்று அண்ணை எழும்பிப் போய்விடுவார்.

கண் டாக்டர் குறித்துக் கொடுத்த டெர்மினுக்கு அண்ணை போயிருந்த ஒரு பின்னேரம், அக்கா என்னைக் கையைப் பிடித்து வயலுக்கு இழுத்துப் போனார். பனிப்புகார். புல் நுனிகூட அசையவில்லை.

"சங்கிலியைக் கழற்றடி. நான் தள்ளுறன்."

"இதென்ன தேரே அக்கா, வடம் பிடிக்க?"

அக்கா சிரிக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். இறக்கை முனகிக்கொண்டு உச்சியைத் தாண்டியபோது சங்கிலி வழுக்கி என் வலதுகை விரல்களைக் கம்பத்தோடு நெரித்தது. அக்காவே சங்கிலியைக் கட்டி முடித்தார். பிறகு ஈரப்புல்லில் குந்தி, மகனின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். அத்தனை காலத்தில் அதுதான் முதல்தடவை. இரவு என்னால் கரண்டிகூடப் பிடிக்க முடியவில்லை. அக்காதான் சோறு குழைத்து வாயில் தீத்திவிட்டார்.

மறுநாள் காலையும் அதே பனிப்புகார், காற்றே இல்லை. அக்கா வீட்டு ஜன்னலால் பார்த்தால், இறக்கை வருகிற பக்கம் நின்றது. சங்கிலி இறுகக் கட்டியபடி.

"ஏன் திருப்பி மாத்தினனீங்கள்?" என்று அக்கா கேட்டார்.

அண்ணை தேநீரைக் கீழே வைத்தார். "நேற்று வரேக்கை பாத்தனான், போற பக்கம் நிண்டது. நீர் அழுதிருப்பீர் எண்டு விளங்கினது. அதாலை நான் தொடேல்லை. நீரெல்லே திருப்பி மாத்தினது?"

"நானும் தொடேல்லை" என்றார் அக்கா. பண்ணைக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். என் விரல்கள் துணிக்கட்டுக்குள் வீங்கிக் கிடந்தன. தேநீர் ஆடை கட்டியது. அதன்பிறகு அந்த வீட்டில் காரியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அண்ணை இறந்தபோது பண்ணைக்காரரே வந்து போகிற பக்கம் கட்டினார். நான் அக்காவுக்குத் துணையாக அந்த வீட்டில் தங்கினேன். காலையில் எழும்பியதும் இருவரும் ஜன்னலுக்கு ஓடுவோம். அது அசையவே இல்லை. "இவர் போயிட்டார்" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

இப்போது அக்கா முதியோர் இல்லத்தில். போன மாதம் சக்கரக் கதிரையில் வைத்துக் காற்றாடியிடம் தள்ளிக்கொண்டு போனேன். ஊர்க்காரர்கள் சிலர் அதைப் பழுதுபார்த்து ஓடவிடுகிறார்கள்.

"எனக்கும் காலம் வந்திட்டுது. காரியம் செய்யாமல் போனால் அவன் அலைவான். செய்தால், உயிரோடை இருக்கிற பிள்ளைக்குக் கொள்ளி வைச்ச மாதிரி. நான் என்னடி செய்ய?"

வாழ்நாளெல்லாம் பகிடிக்கும் சிரிப்புக்கும் பொய் சொன்னவள் நான். ஒன்றையாவது உதவிக்குச் சொல்வோம் என்று தோன்றியது.

"அக்கா, அண்டைக்கு அதை மாத்தினது நான்தான். சும்மா பகிடிக்கு. நீங்கள் காரியத்தைச் செய்யுங்கோ."

அக்கா என் வலதுகை விரல்களைப் பார்த்தார்.

"அண்டைக்கு உனக்குச் சோறு தீத்தினது ஆரடி?"

என் வலதுகை தானாகவே சால்வைக்குள் போனது.

"கதிரையை இஞ்சாலை திருப்பு" என்றார். "காத்து ஓஞ்சு விழட்டும். எந்தப் பக்கம் நிக்குது எண்டு பாத்திட்டுப் போவம்."

காற்று விழவில்லை. இறக்கைகள் வந்தன, போயின, வந்தன.