கணக்கில் வராத அவுட்

ஸ்டோர் கீப்பர் அக்காவுக்கு மைதானத்தில் கத்தரி என்று பெயர். டயர் தொழிற்சாலையின் பேஸ்பால் அணிக்கு ஞாயிறுதோறும் ஸ்கோர் எழுதுகிறவள் அவள்தான். யார் சராசரியையும் ஈவிரக்கமில்லாமல் வெட்டுவாளாம். வெட்டாமல்? அடிக்கத் துப்பில்லாதவன் அடித்ததாக எழுத அவளுக்கென்ன கிறுக்கா?

அதே அணியில் ஆடும் தங்கை புருஷனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவனுக்கும் அவள் எட்டிக்காய்தான். போன மாதம் அவன் அடித்த பந்து எதிரணிக்காரன் கையில் விழுந்து நழுவியது. இவன் அதற்குள் ஓடி, முதல் பேஸ் என்கிற முதல் முனையைத் தொட்டுவிட்டான். அதை அவன் அடித்துச் சம்பாதித்த ஹிட்டாக அவள் எழுதவில்லை.

"போய்ச் சேர்ந்தேனா இல்லியா அண்ணி?"

"சேர்ந்தே மாப்ளே. அவன் கோட்டை விட்டான், நீ சேர்ந்தே. அதுக்குப் பேர் அவன் தப்பு, உன் ஹிட் இல்ல."

அதோடு முகம் கொடுத்துப் பேசுவதும் நின்றது.

இன்று கடைசி ஆட்டம். ஹிட்டுகளை, மட்டை பிடித்த முறைகளால் வகுத்தால் வருவது சராசரி. அது புள்ளி மூன்றுக்குக் குறையாமல் இருந்தால் அவனைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை நிரந்தரம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அவன் நூறு முறைக்கு முப்பது ஹிட் என்று நூலிழையில் நின்றான். தங்கைக்கோ மூன்றாவது பிள்ளை வயிற்றில்.

கடைசிக் கட்டத்தில் அவன் முறை வந்தது. முதல் பேஸில் அவன் அணிக்காரன் ஒருவன் நின்றான். "பந்தை மெதுவாத் தட்டிப் போடு. நீ அவுட்டானாலும் அவன் ரெண்டாவது பேஸுக்குப் போகணும்" என்றார் கோச்.

"என் சராசரி?"

"சராசரியாவது மண்ணாவது, போடா!"

அவன் முகம் பேயறைந்தது போலாயிற்று. வலைக்குப் பின்னால் இருந்த அவளுக்கோ சட்டம் தெரியும். கூட்டாளியை நகர்த்துவதற்காகத் தட்டிப் போட்டு அவுட்டானால், அது முறைக் கணக்கிலேயே சேராது. சராசரி அப்படியே நிற்கும்.

"டேய் மாப்ளே, தட்டிப் போட்டுட்டுச் சாவு! அது கணக்குல வராது. உன்னை மாதிரி ஆளுக்குன்னே ஒரு சட்டம் எழுதி வச்சிருக்கான் பாரு!"

"என்னை ஒழிச்சுக்கட்ட இப்படி ஒரு வழியா? உன் சோலியப் பாரு!"

தட்டிப் போட்டாலும் அவுட் கணக்கில் ஏறும் என்று நினைத்தவன், ஹிட்டாவது கிடைக்கட்டும் என்று முழு பலத்தோடு சுற்றினான். பந்து நெட்டுக்குத்தாக எழும்பி எதிரணிக்காரன் கையில் வந்து உட்கார்ந்தது. நூற்றொன்றுக்கு முப்பது, புள்ளி மூன்றுக்குக் கீழே. நிரந்தர வேலை போயிற்று. பாவி, பாவி என்று வயிறெரிய எழுதினாள்.

சாயங்காலம் தங்கை வாசலிலேயே மறித்தாள். "நீ சொன்னது நெசமா?"

"நெசந்தான்டி. யாரை வேணா கேளு."

"அதைத் தன்மையாச் சொல்லியிருக்கக் கூடாதா? சாவுன்னா சொல்லுவே?"

"தன்மையாச் சொல்லியிருந்தா இன்னும்ல சந்தேகப்பட்டிருப்பான்!"

"ஆமா. ஒரு நாளாவது அப்படிப் பேசியிருந்தாத்தானே நம்புறதுக்கு?" என்றாள் தங்கை. "இனிமே இந்தப் பக்கம் வராதேக்கா."

கதவைச் சாத்திக்கொண்டாள்.