சிவப்பு நாடா போட்ட பூட்ஸ்

நம்பினால் நம்புங்கள், இது நடந்ததுதான். நார்வேயில், எங்கள் பள்ளத்தாக்கில், மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே விளக்கைப் போட வேண்டிய மாதத்தில் நடந்தது. குன்வோர் கதை விடுகிற ஆள் இல்லை. பொய் சொன்னால் அவள் கழுத்து சிவந்துவிடும், ஊருக்கே தெரியும். இதை என்னிடம் சொன்னபோது அவள் கழுத்து வெளுத்துத்தான் இருந்தது.

எல்லாம் பழைய சாமான் சந்தையில் ஆரம்பித்தது. பள்ளி வாத்தியக் குழுவுக்குப் பணம் சேர்க்க வருடா வருடம் நடத்துவது. வேண்டாததை ஊரார் கொண்டுவந்து கொட்டுவார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் நின்று விற்பார்கள். விற்கிறவர்கள், கதவு திறக்கும் முன்னால் எதையும் தங்களுக்கென்று ஒதுக்கக் கூடாது. அப்படிச் செய்வது எங்கள் ஊரில் பெரிய கேவலம். போன வருடம் ஒருத்தி காபிக் கெண்டியை ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டாள். அன்று அவளைக் கிழி கிழி என்று கிழித்தது குன்வோர்தான்.

இந்த வருடம் குன்வோருக்குச் செருப்பு மேசை. ஒரு அட்டைப் பெட்டிக்குள் அந்தப் பூட்ஸ் இருந்தது. பனிச்சறுக்குக்கான தோல் பூட்ஸ், அந்தக் காலத்து வேலை. முனை வாத்து அலகு மாதிரி நீண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டிய சிவப்பு நாடா அவிழ்க்கப்படவே இல்லை. புரட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. வாங்கி ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும், ஒருநாள்கூட யாரும் போட்டதில்லை. அவள் காலுக்கென்றே தைத்தது போல் இருந்தது. மேசைக்கு அடியில் தள்ளி, தன் கோட்டைப் போட்டு மூடினாள்.

கதவு திறந்ததும் முதலில் ஓடிவந்தவர் மேல்மலைப் பண்ணை ஹால்வார். எழுபதைத் தாண்டியவர். மூச்சு வாங்கினார்.

“ஏம்மா, சிவப்பு நாடா போட்ட பூட்ஸ் ஏதாவது வந்துதா? அம்மா போனப்புறம் வீட்டை ஒழிச்சோம். மருமக தெரியாம பெட்டியில போட்டுட்டா.”

குன்வோரின் கால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது குனிந்து எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்து மேசையில் நின்றவள் அந்தக் கெண்டிக்காரி.

“இல்லையே. நான் பாக்கல.”

“கிடைச்சா எடுத்து வைங்க. யாரும் வீட்டுக்குக் கொண்டுபோயிடக் கூடாது.”

குன்வோரின் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தது. நல்லவேளை என்று நினைத்தாள். அந்த ‘நல்லவேளை’யை நினைத்தால் இன்றும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. சந்தை முடிந்ததும் விலையைப் பணப்பெட்டியில் போட்டாள். திருடவில்லை, வாங்கினேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

புதுத் தோலை வீட்டுக்குள் போட்டு நடந்துதான் பழக்க வேண்டும். அன்று மாலை நாடாவை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். கணவன் அஸ்பியோர்ன் சிரித்தான்.

“செருப்புக் காலோட உள்ள வந்தா என்னை உண்டு இல்லைன்னு ஆக்குவ. இப்ப மகாராணி மட்டும் வரலாமா? எங்க பிடிச்ச இதை?”

“சந்தையில.”

“நீ வாங்கற வரைக்கும் யாரும் வாங்காம இருந்தாங்களா? ஆச்சரியம்தான்.”

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். படுக்கப் போகும் முன், நுழைவாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்தாள். முனை கதவைப் பார்த்து.

மறுநாள் மூன்றரை மணி. வெளியே இருட்டிவிட்டது. அஸ்பியோர்ன் மரம் அறுக்கும் ஆலையிலிருந்து வரவில்லை. அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

தொம்... தொம்...

வாசற்படியில் யாரோ காலை உதைத்துப் பனியை உதறினார்கள். பிறகு அங்கே மாட்டியிருக்கும் துடைப்பம். சரக்... சரக்... எங்கள் ஊரில் யார் வந்தாலும் இப்படித்தான். அவளும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

“உள்ள வாங்க! கதவு திறந்துதான் இருக்கு!”

கதவுச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் குளிர் வந்தது... கணுக்காலில்.

போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. படியில் புதுப் பனி. ஒரு தடம்கூட இல்லை. உள்ளே பூட்ஸ் திரும்பியிருந்தது. முனை வீட்டைப் பார்த்து.

அடுத்த நாள் உதறும் சத்தம் இல்லை. ஆனால் மரத்தரையில் ஈரம். காலடிகள். கம்பளிச் சாக்ஸின் பின்னல்கூடப் பதிந்திருந்தது. நுழைவாசலிலிருந்து அடுப்பு வரை வந்து... நின்றிருந்தது.

பூட்ஸுக்குள் கை விட்டாள். பனி. அவள் அதை வெளியே கொண்டுபோனதே இல்லை.

கணவனிடம் சொல்லலாம். சொன்னால் ஹால்வாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணி எடுத்துத் துடைத்தாள். அவன் வருவதற்குள்.

அடுத்த நாளும் துடைத்தாள்.

அதற்கடுத்த நாள் அவள் சாப்பாட்டு மேசையில் இருந்தாள். பின்னால் நாற்காலி நகர்ந்தது. கிரீச்...

நனைந்த கம்பளி வாசனை.

பிறகு ஒரு பெருமூச்சு. பயமுறுத்தவில்லை. வீடு வந்து சேர்ந்தவர்கள் விடுவது போல... அப்பாடா என்று.

குன்வோர் பூட்ஸை அள்ளிக்கொண்டு காரில் ஏறினாள்.

ஹால்வார் அதைக் குழந்தையை வாங்குவது போல் வாங்கினார். அவிழ்ந்த நாடாவைப் பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

“எங்க அக்கா சிக்னேவோடது. கிறிஸ்துமஸுக்குக் கொடுக்க அம்மா வாங்கி வச்சிருந்தாங்க. அதுக்குள்ள அவ பழைய பூட்ஸோட மலைக்குப் போயிட்டா. புயல். பனி உருகினப்புறம்தான் கிடைச்சா. வெட்டவெளியில. பூட்ஸைக் கழட்டி ஒழுங்கா ஜோடியா வச்சிருந்தா. கால்ல வெறும் சாக்ஸ். வீட்டு வாசலுக்கே வந்துட்டோம்னு நினைச்சிருக்கா.”

ஹால்வார் அவிழ்ந்த நாடாவை மறுபடி முடிந்தார்.

“பனி விழுந்தா வருவா. இந்தப் பூட்ஸ் இருக்கற வாசல்ல நின்னு உதறுவா. கூப்பிடற வீட்டுலயே தங்கிடுவான்னு அம்மாவுக்கு பயம். அழுவாங்களே ஒழிய ஒருநாளும் உள்ள வான்னு கூப்பிட்டதில்ல. எனக்கு இனி என்ன பயம்? இந்த வருஷம் நான் கூப்பிடப் போறேன். எத்தனை வருஷம்மா அவ குளிர்ல நிப்பா?” அவர் அவளைப் பார்த்தார். “உங்க வாசல்ல உதறினாளா?”

“...ஆமா.”

“கூப்பிட்டீங்களா?”

அவர் முகத்தில் அவ்வளவு ஆசை. அவள் கழுத்தில் கம்பளித் துண்டு இருந்தது.

“இல்ல.”

“அப்பாடா,” என்றார் ஹால்வார். பூட்ஸை நுழைவாசலில் வைத்தார்.

அவர் மருமகள் பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்க இருட்டும் நேரம் வாசல் விளக்கைப் போட்டு, மேசையில் இரண்டு கோப்பை காபி ஊற்றி வைத்து உட்கார்ந்திருந்தாராம். காற்றுக்குக் கதவு ஆடினாலும் “உள்ள வா அக்கா” என்பாராம். யாரும் வரவில்லை. பனி உருகும் முன்னால் அவரும் போய்விட்டார்.

குன்வோரின் சமையலறையில், அடுப்புக்கு முன்னால், தரை இன்றும் ஈரமாகத்தான் இருக்கிறது. தினமும் துடைக்கிறாள். வாசலில் உதறும் சத்தம் மட்டும் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. வெளியே நிற்கிறவர்கள்தானே உதறுவார்கள்.