பாவாயி அக்கா போட்ட சிவப்புக் குறி

கட்சி அலுவலகத்தில் தேர்தல் வேலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பாவாயி அக்காவின் மகன் எனக்குப் போன் செய்தான். "மாமா, அம்மா தவறிட்டாங்க. கடை தொறக்கப் போலாம்னு எந்திரிச்சவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க" என்றான். இந்தத் தடவையும் இந்த ஊர் நம் கோட்டைதான் என்று ஒருவர் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

திருச்செங்கோடு சாலையில் முட்டைக்கடை வைத்திருந்த பாவாயி அக்காவைத் தெரியாதவர்கள் உங்களில் யாரும் இல்லை. கெட்ட முட்டை ஒன்று தப்பிப் போனதாகத் தெரிந்தால் மாற்று முட்டையோடு வீட்டு வாசலுக்கே வந்து நிற்பார். அவர் மொபெட்டின் முன்னால் எப்போதும் எங்கள் கட்சிக் கொடி இருக்கும். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வார்டில் கட்சி தோற்றதே இல்லை. வட்டச் செயலாளர் என்று மாலை வாங்கிக்கொண்டவன் நான். தெருத் தெருவாக நடந்தது அக்கா.

இந்தத் தடவை காற்று மாறியிருந்தது. இளவட்டங்கள் எல்லாம் புதுக்கட்சிக் கொடியைத் தூக்கிக்கொண்டார்கள். குடிதண்ணீர் ஒழுங்காக வராத கோபத்தில் மேட்டுத்தெருப் பெண்கள் வழி நெடுகக் காலிக்குடங்களை வைத்து என்னை மறித்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். அக்கா மட்டும் தினமும் போய்வந்தார். நல்லாத் திட்டு விழுந்ததா என்று கேலியாகக் கேட்டேன். "விழுகாம? தண்ணி வராத ஊட்டுல நமக்குப் பன்னீரா தெளிப்பாங்க?" என்றார்.

தேர்தலுக்கு முன்னால் எங்கள் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. வாக்காளர் பட்டியலைப் பூத் வாரியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வீடு வீடாகப் போய் விசாரித்து, நமக்கு விழும் ஓட்டுக்குப் பச்சை, விழாத ஓட்டுக்குச் சிவப்பு என்று குறிக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முக்கால்வாசிப் பேர் டீக்கடையில் உட்கார்ந்தே பச்சை அடித்துவிடுவோம். மேலே இருப்பவர்களுக்கும் பச்சையைப் பார்த்தால்தான் சாப்பாடு இறங்கும். அக்கா தன் பூத்தின் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தபோது பாதிக்குமேல் சிவப்பு.

மாவட்டத்திலிருந்து வந்த பொறுப்பாளர் தாளைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "இது வட்டச் செயலாளர் வீடுதானே? மூன்று ஓட்டில் இரண்டு சிவப்பாக இருக்கிறதே" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நகரச் செயலாளர் பதவி எனக்குத்தான் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏனக்கா, என் மானத்த வாங்கோணும்னே எழுதுனீங்களா?" என்று கத்தினேன்.

அக்கா அசையவில்லை. "உங்கூட்டம்மாகிட்டயும் பாப்பாகிட்டயும் கேட்டனுங்க தம்பி. போடமாட்டோம்னு சொன்னாங்க. சொன்னத எழுதுனேன். ஊருக்கெல்லாம் ஒரு பேனா, செயலாளர் ஊட்டுக்கு ஒரு பேனாவுங்களா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குதித்தேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க, சொன்னேன். அக்கா கேட்டாங்க. நீங்க என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

பட்டியலைத் திருத்தி வாங்கு, இல்லாவிட்டால் ஆளை மாற்று என்று மேலிடத்து உத்தரவு. திருத்தித் தரும்படி அக்காவிடம் கெஞ்சினேன். "தோக்கப் போறோம்னு தெரிஞ்சாத்தான சாமி தண்ணிக்கு ஒரு வழி பண்ணுவாங்க. பச்சையா எழுதிக் குடுத்தா ஆரு வருவாங்க?" என்றார். பூத் பொறுப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டேன். அன்று மாலையே பச்சைப் பட்டியல் வந்தது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் மேட்டுத்தெரு முனையில் அதே மொபெட், அதே கொடி. இனி எதற்கக்கா அலைகிறீர்கள் என்றேன். "பொறுப்பத்தான எடுத்தீங்க, கட்சிய எடுத்துட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார். மனுக்களில் கையெழுத்து வாங்கி நகராட்சிக்கு நடந்தார். கட்சியைக் குறை சொன்ன எவரிடமும் அவர் கட்சியை விட்டுக்கொடுத்ததில்லை. குறை பொய் என்று சாதித்ததும் இல்லை. எங்கள் கட்சியில் இப்படி ஒருத்தர் இருந்தார் என்று நான் எந்த மேடையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அவர் உடலைத் தூக்கிய அன்று மேட்டுத்தெருவே வந்திருந்தது. என்னைக் குடம் வைத்து மறித்த பெண்கள் தலையில் கைவைத்து அழுதார்கள். புதுக்கட்சிப் பையன்கள் தோள் கொடுத்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அக்கா சிவப்புக் குறி போட்டிருந்தார்.

காரியம் முடிந்த பிறகு பட்டியலை எடுத்துக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். முதலில் என் வீடு. இத்தனை வருடக் குடித்தனத்தில் முதல் தடவையாக என் மனைவியிடம் ஓட்டுக் கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, தண்ணீரில் தொடங்கி மகள் வேலைக்காக நான் யார் யாரிடமோ கும்பிட்டு நின்றது வரை சொன்னாள். நடுவில் ஆறேழு தடவை வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். கேட்டுவிட்டு, எதிராளி சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது, சொன்னதைச் சொன்னபடி எழுதுவது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.

அந்தப் பட்டியலில் என் கையெழுத்தைப் போட்டுப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். நகரச் செயலாளர் பதவியை இனி நான் மறந்துவிடலாம். தேர்தல் இன்னும் வரவில்லை, ஜெயிப்போமா என்று கேட்காதீர்கள். என் வீட்டில் இன்னமும் இரண்டு சிவப்பு. இந்தத் தடவை நானே குறித்தேன்.